சிகோக்கு யாத்திரை: பஸ்ஸில் போகிறவர்கள் ஆய்வுக் கணக்கில் வரமாட்டார்களா?

தெற்குவாசல்

யாத்திரை பற்றிய ஆய்வுகளைக் கொஞ்ச காலமாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். ஜப்பானின் சிகோக்குத் தீவையும் ஸ்பெயினில் சந்தியாகோ நகரத் தேவாலயத்துக்குப் போகும் கிறித்துவ யாத்திரைப் பாதையையும் வைத்து முனைவர் பட்டத்துக்கு ஏதாவது செய்யலாமா என்று ஓர் எண்ணம். தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சிகோக்குவில் 88 பௌத்தக் கோயில்களைச் சுற்றி வரும் யாத்திரை ஒன்று இருக்கிறது. ஏறக்குறைய 1,200 கிலோமீட்டர். தொகுஷிமாவில் ரியோசென்ஜியில் ஆரம்பித்து, தீவை வலமாக வந்து, ககாவாவில் ஓகுபோஜியில் முடியும். ஷிங்கோன் பௌத்தத்தை ஜப்பானில் நிறுவிய கூகாய் (774–835), மக்கள் கோபோ தாய்ஷி என்று கும்பிடுவது இவரைத்தான், அவர் ஒவ்வொரு யாத்ரீகரோடும் கூடவே வருகிறார் என்பது நம்பிக்கை. தனியாகப் போகிறவர் உடையில்கூட 'இருவர் சேர்ந்து போகிறோம்' என்றுதான் எழுதியிருக்கும்.

இப்போது என் உறுத்தல். இதைப் பற்றி எங்கே தேடினாலும் வருவது ஒரே படம்: வெள்ளை உடை, கூம்புத் தொப்பி, கைத்தடி, மூங்கில் காட்டுக்குள் ஒற்றை ஆள். ஆனால் போகிறவர்களில் மிகப் பெரும்பாலோர் பஸ்ஸிலும் காரிலும் போகிறார்கள். முழுச் சுற்றையும் நடந்தே முடிப்பவர்கள் ஆண்டுக்குச் சில ஆயிரம் பேர்தான். இயோதெத்சு நிறுவனம் 1953-லேயே சுற்றுப்பயண பஸ் விட ஆரம்பித்துவிட்டது, எழுபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. அப்படியிருக்க, பேட்டி எடுக்கப்படுவதும் எழுதப்படுவதும் நடக்கிறவர்கள்தான். பஸ்காரர்களை 'இதுவும் உண்டு' என்று ஒரு பத்தியில் தள்ளிவிடுகிறார்கள். ஆய்வாளர்களுக்கே நடக்கப் பிடிக்கும், நடக்கிறவர் கதை சொல்ல வசதியானவர், ராத்திரி ஒரே விடுதியில் தங்கினால் மனம் விட்டுப் பேசுவார் என்பதுதான் காரணம் என்று நினைக்கிறேன். இதில் வேறு ஏதாவது நியாயம் இருக்கிறதா?

வெட்டிப்பேச்சு

நியாயம் இருக்கிறது நண்பரே. ஏசி பஸ்ஸில் உட்கார்ந்து போய் கோயிலுக்குக் கோயில் புத்தகத்தில் முத்திரை குத்திக்கொண்டு வருவதற்குப் பெயர் சுற்றுலா. அதை ஆராய்ச்சி செய்ய டூரிசம் துறை இருக்கிறது. கஷ்டப்படாமல் என்ன யாத்திரை?

ஒசாகாவாசி

வெட்டிப்பேச்சு, அந்த பஸ்ஸில் ஏறிப் பார்த்துவிட்டுப் பேசியிருந்தால் இப்படிச் சொல்ல மாட்டீர்கள். ஒசாகாவிலிருந்து மாதம் ஒரு நாள் என்று பிரித்துப் பிரித்துக் கூட்டிப் போகிற பயணங்கள் உண்டு, இந்த மாதம் ஆறு கோயில், அடுத்த மாதம் இன்னும் சில. எங்கள் தெருவிலுள்ள வயதானவர்களோடு நானும் போயிருக்கிறேன்.

பஸ்ஸில் 'செந்தாட்சு' என்று ஒருவர் வருவார். பல தடவை சுற்றி முடித்து, கோயில்களின் சங்கத்திடம் அங்கீகாரம் வாங்கிய வழிகாட்டி. வாசலில் எல்லோரையும் நிறுத்தி வணங்கச் சொல்வார், கை கழுவி, மெழுகுவத்தி ஏற்றி, மூன்று ஊதுவத்தி வைத்து, பெயரும் வேண்டுதலும் எழுதிய காகிதச் சீட்டைப் பெட்டியில் போட்டு, பிரதான மண்டபத்தில் இதய சூத்திரம் (சின்ன பௌத்த மந்திர நூல்) ஓதி, அப்புறம் தாய்ஷி மண்டபத்தில் மறுபடியும் இதய சூத்திரம். ஒரே குரலில் நாற்பது பேர். இந்த நேரத்தில் பஸ் நிறுவனத்தின் ஆள் என்ன செய்கிறார் தெரியுமா? எல்லோருடைய முத்திரைப் புத்தகங்களையும் பையில் அள்ளிக்கொண்டு முத்திரை அறைக்கு ஓடுகிறார். அங்கே ஒருவர் தூரிகையால் கோயிலின் மூலவர் பெயரைச் சரசரவென்று எழுதி மூன்று சிவப்பு முத்திரை குத்துவார். மை ஈரமாக இருக்குமே, அதைக் காயவைக்க ஹேர் டிரையர்! ஒரு பக்கம் சூத்திரம், ஒரு பக்கம் ஹேர் டிரையர் சத்தம். பார்த்தால் சிரிப்புத்தான் வரும்.

ஆனால் என் பக்கத்து இருக்கைப் பாட்டி மடியில் கணவர் படம் வைத்திருந்தார். ஒவ்வொரு கோயிலிலும் அதை வெளியே எடுத்து மண்டபத்தைக் காட்டிவிட்டுத் திரும்பப் பையில் வைத்தார். முத்திரை குத்திய வெள்ளைச் சட்டை ஒன்று வைத்திருந்தார், அதைப் போடவே மாட்டாராம், பெட்டியில் வைக்கும்போது போட்டுவிட வேண்டும் என்று மகளிடம் சொல்லிவைத்திருக்கிறார். பெட்டி என்றால் சவப்பெட்டி. முழங்கால் போன பாட்டியிடம் போய் நடந்தால்தான் யாத்திரை என்று சொல்லிப் பாருங்கள்.

பழையபேப்பர்

தெற்குவாசல் தம்பி, இந்தச் சாய்வுக்கு ஒரு வரலாறு உண்டு. யாத்திரை ஆய்வு தனித் துறையாக நிமிர்ந்து உட்கார்ந்தது விக்டர் டர்னர், எடித் டர்னர் என்கிற மானுடவியலாளர் தம்பதியால்தான். 1978-ல் கிறித்துவ யாத்திரைகள் பற்றி இருவரும் எழுதிய புத்தகம். அதற்கு அடிப்படை இன்னும் பழையது, வான் கென்னெப் 1909-ல் சடங்குகளைப் பற்றிச் சொன்ன மூன்று படிகள்: பிரிதல், இடைநிலை, திரும்பச் சேர்தல். யாத்ரீகர் வீட்டையும் தொழிலையும் அந்தஸ்தையும் விட்டுக் கிளம்புகிறார், வழியில் யாரும் யாருக்கும் பெரியவரில்லை, அங்கே ஒரு சமத்துவ உணர்வு பிறக்கிறது, அதற்கு டர்னர் 'கம்யூனிடாஸ்' என்று பெயர் வைத்தார். இந்தச் சட்டகத்துக்குள் யார் கச்சிதமாகப் பொருந்துவார்? வீட்டை விட்டு இரண்டு மாதம் தனியாக நடக்கிறவர். ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் போய் ராத்திரி வீடு திரும்புகிற பாட்டி எந்த இடைநிலையில் இருக்கிறார்? அவர் சட்டகத்துக்கு வெளியே நிற்கிறார், அதனால் கண்ணில் படவில்லை.

1991-ல் ஜான் ஈட், மைக்கேல் சால்னோ இருவரும் தொகுத்த கட்டுரைகள் இதைப் போட்டு உடைத்தன. யாத்திரைத் தலம் என்பது எல்லோரும் ஒன்றாகிற இடமில்லை, பூசாரிக்கு ஓர் அர்த்தம், நோயாளிக்கு ஓர் அர்த்தம், கடைக்காரருக்கு ஓர் அர்த்தம், எல்லாம் அங்கே மோதிக்கொள்கின்றன என்றார்கள். சால்னோ ஆண்டிஸ் மலை யாத்திரைகளில் நேரில் பார்த்ததும் ஊருக்கு ஊர் போட்டியும் சண்டையும்தான்.

ஜப்பானுக்கு வந்தால், இயன் ரீடர் 2005-ல் சிகோக்கு பற்றி எழுதியதைத் தவறவிடாதே. பஸ், கார், நடை எல்லாவற்றையும் ஒரே மேஜையில் வைத்துப் பேசுகிறவர் அவர். ஜான் ஷுல்ட்ஸோடு சேர்ந்து 2021-ல் எழுதியதில் திரும்பத் திரும்பச் சுற்றிக்கொண்டே இருப்பவர்கள்தான் நாயகர்கள், அவர்களில் ரொம்பப் பேர் காரில் போகிறவர்கள். அதனால் 'யாரும் எழுதவில்லை' என்று ஆய்வேட்டின் முதல் பக்கத்தில் எழுதிவிடாதே, வழிகாட்டி கிழித்துவிடுவார்.

தெற்குவாசல்

நன்றி சார். 2005 புத்தகத்தை இப்போதுதான் பாதி தாண்டியிருக்கிறேன். திரும்பத் திரும்பச் சுற்றுகிறவர்கள் என்றதும் நினைவுக்கு வந்தது, கோயில் பெட்டியில் போடுகிற அந்தக் காகிதச் சீட்டின் நிறமே எத்தனையாவது சுற்று என்பதைச் சொல்லிவிடுமாம். ஒன்று முதல் நான்கு வரை வெள்ளை, ஐந்திலிருந்து பச்சை, எட்டிலிருந்து சிவப்பு, 25-க்கு வெள்ளி, 50-க்குத் தங்கம், 100 சுற்றுக்கு மேல் சரிகைத் துணி. டர்னர் சொன்ன 'யாரும் பெரியவரில்லை' எங்கே போயிற்று?

ஒசாகாவாசி

அதே தான். சரிகைச் சீட்டு வைத்திருப்பவர் கோயில் வாசலில் இறங்கினால் ஒரு சின்னக் கூட்டமே கூடும், அவர் சீட்டு ஒன்று கிடைத்தால் அதிர்ஷ்டம் என்று. பெட்டிக்குள் கைவிட்டு எடுக்கிறவர்களும் உண்டு, கோயில்காரர்கள் திட்டுவார்கள்.

கோடைமழை

சமத்துவம் பற்றிப் பேச்சு வந்ததால் நம் நாட்டுப் பக்கத்திலிருந்து ஒன்று. மானுடவியலாளர் இராவதி கார்வே மகாராஷ்டிரத்தின் பண்டரிபுரம் வாரியில் (விட்டலனைப் பார்க்கப் போகிற நடைப் பயணம்) தானே நடந்து போய் எழுதிய கட்டுரை ஆங்கிலத்தில் 1962-ல் வந்தது. அவர் போன குழுவில் பிராமணர்களும் மராத்தாக்களும் ஒரே அபங்கத்தை (மராத்திப் பக்திப் பாட்டு) பாடிக்கொண்டு ஒன்றாக நடக்கிறார்கள், சாப்பாட்டு நேரம் வந்ததும் தனித்தனிப் பந்தி. அதைப் பார்த்து அவர் மனம் கொதித்தது கட்டுரையிலேயே தெரியும். ஒரே சாலை, ஒரே பாட்டு, ஒரே விட்டலன், ஆனால் சோறு வேறு. டர்னர் தியரியை வகுப்பில் நடத்துகிறவர்கள் இந்தக் கட்டுரையைப் பக்கத்தில் வைக்காமல் நடத்தக் கூடாது என்பது என் கட்சி.

சிகோக்குவிலும் எல்லாம் தேனும் பாலும் இல்லை. 2014-ல் யாத்ரீகர்கள் தங்கி இளைப்பாறும் குடில்களில் 'கொரியர்களிடமிருந்து நம் பாதையைக் காப்போம்' என்கிற தொனியில் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது பெரிய செய்தியாயிற்று. அதற்குக் கொஞ்சம் முன்புதான் ஒரு கொரியப் பெண்ணுக்கு, மேலே சொன்னார்களே, அந்தச் செந்தாட்சு அங்கீகாரம் கிடைத்திருந்தது, கொரிய மொழியில் வழிகாட்டிக் குறிகள் வைத்தவர் அவர். சிகோக்குவிலேயே பலரும் அந்த ஸ்டிக்கரைக் கண்டித்தார்கள், அதையும் சொல்ல வேண்டும்.

பழையபேப்பர்

கோடைமழை அம்மா சொன்னதில் ஒரு சின்னத் திருத்தம். டர்னர் கார்வேயைப் படிக்காமல் எழுதவில்லை, 1974 புத்தகத்தில் பண்டரிபுரத்தைப் பற்றி நீளமாகவே பேசுகிறார், சாதி அங்கே கரைந்துவிடவில்லை என்பதும் அவருக்குத் தெரியும். தானாகப் பொங்குகிற கம்யூனிடாஸ் வேறு, விதிமுறைக்குள் அடக்கி வைத்த கம்யூனிடாஸ் வேறு என்று பிரித்ததே இந்த மாதிரி இடங்களைச் சமாளிக்கத்தான். பாடத்திட்டத்தில் சுருக்கிச் சுருக்கி 'யாத்திரை என்றால் சமத்துவம்' என்று ஒற்றை வரியாக்கிவிட்டார்கள். அந்த ஒற்றை வரியை அடிப்பது சுலபம், டர்னரை அடிப்பது அவ்வளவு சுலபமில்லை.

வெட்டிப்பேச்சு

சரி, தியரி எனக்கு ஓடாது. நான் சொல்வது எளிய விஷயம். முத்திரைக்குக் காசு, சட்டைக்குக் காசு, தடிக்குக் காசு, பஸ்ஸுக்குக் காசு. முன்பு பக்தி இருந்தது, இப்போது பாக்கேஜ் இருக்கிறது.

ஒசாகாவாசி

'முன்பு' என்றால் எப்போது? இதைக் கேட்டாலே எனக்குக் கை அரிக்கும், கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

எடோ காலத்து (1603–1868) இஸே யாத்திரையை எடுத்துக்கொள்ளுங்கள், இஸே என்பது ஜப்பானின் முக்கியமான ஷிந்தோ ஆலயம். இஸே ஆலயத்துக்கு 'ஒஷி' என்று முகவர்கள் இருந்தார்கள். நாடு முழுக்க ஊர் ஊராகப் போய்த் தாயத்தும் பஞ்சாங்கமும் கொடுத்து வாடிக்கையாளர் பிடிப்பார்கள், அந்த ஊர்க்காரர் இஸேவுக்கு வந்தால் தங்கவைப்பதும், விருந்து வைப்பதும், ஆலயத்துக்குக் கூட்டிப் போவதும் அவர்தான். பயண முகவர் தொழில் அங்கே அப்போதே கொடிகட்டிப் பறந்தது. ஊர்க்காரர்கள் காசுக்கு என்ன செய்தார்கள்? 'கோ' என்று ஒரு குழு, கிட்டத்தட்ட நம் ஊர் ஏலச்சீட்டு மாதிரிதான், எல்லோரும் மாதாமாதம் பணம் போடுவார்கள், ஆண்டுக்கு ஒரு தடவை குலுக்கி, பெயர் வந்தவர் எல்லோருக்கும் பதிலாகப் போய்க் கும்பிட்டு வருவார். ஊரே எல்லைவரை வந்து வழியனுப்பும், திரும்பும்போது அவர் எல்லோருக்கும் தாயத்து கொண்டுவர வேண்டும். ஜப்பானில் இன்றைக்கும் யார் எங்கே போனாலும் அலுவலகத்துக்கு ஒரு டப்பா இனிப்பு வாங்கி வருகிற பழக்கத்துக்கு வேர் இதில்தான் என்று சொல்வார்கள்.

இதெல்லாம் ஒழுங்காகப் போனவர்கள். சில வருஷங்களில் திடீரென்று ஜுரம் பிடித்த மாதிரி நாடே கிளம்பிவிடும். 1705, 1771, 1830 மூன்றும் பெரிய அலைகள். 1705-ல் ஏறக்குறைய ஐம்பது நாளில் 36 லட்சம் பேர் போனதாக மோதோரி நோரினாகா என்கிற அறிஞர் எழுதிவைத்திருக்கிறார். அன்றைக்கு ஜப்பானின் மொத்த மக்கள்தொகையே சுமார் மூன்று கோடி. வேலைக்காரர்களும் பிள்ளைகளும் எஜமானிடம், அப்பா அம்மாவிடம் சொல்லாமல் கொள்ளாமல் ஓடிப்போவார்கள், இஸேவுக்குத்தான் போனேன் என்று தாயத்தைக் காட்டினால் தண்டிக்கக் கூடாது என்பது வழக்கம். 1830 அலையில் கையில் ஒரு மர அகப்பையோடு போனார்கள், வழியில் அதை நீட்டினால் யாராவது சோறோ காசோ போடுவார்கள். அகப்பை, பாட்டு, கூத்து, அப்புறம் இஸே பக்கத்திலேயே இருந்த கேளிக்கைத் தெரு. பக்தி மட்டும் தனியாக இருந்த காலம் எது?

நவீன காலத்திலும் இதே கதைதான். 1899-ல் கவாசாகி தாய்ஷி கோயிலுக்குப் போகிற பக்தர்களுக்காகவே ஒரு மின்சார ரயில் பாதை திறந்தார்கள், இன்றைய கெய்க்யூ ரயில் நிறுவனத்தின் ஆரம்பம் அது. 1918-ல் தகாமுரே இத்சுஎ என்கிற 24 வயதுப் பெண் சிகோக்குவை நடந்தே சுற்றியபடி பத்திரிகைக்குத் தொடர் எழுதினார், இளம்பெண் தனியாக இப்படிக் கிளம்புவது அந்தக் காலத்தில் பெரிய பரபரப்பு. பின்னாளில் பெண்கள் வரலாற்றின் முன்னோடி என்று பெயர் வாங்கியவர் அவர். 1937-ல் நங்காய் ரயில் நிறுவனம் தன் பாதை நெடுகிலும் 88 கோயில்களின் தரிசனத்தையும் ஒசாகா பக்கமே கொண்டுவந்து கண்காட்சி மாதிரி நடத்தியது. கூட்டமோ கூட்டம்.

கோடைமழை

> பக்தி மட்டும் தனியாக இருந்த காலம் எது?

இதற்கு அடுத்த கட்டமும் வந்துவிட்டது. 2007-ல் ஓர் அனிமே தொடரின் ஆரம்பப் பாட்டில் சைதாமாவிலுள்ள வாஷினோமியா ஆலயம் வந்தது, 2008 புத்தாண்டுக்கு அங்கே 3 லட்சம் பேர். வேண்டுதல் பலகைகளில் கார்ட்டூன் வரைந்து தொங்கவிட்டார்கள். ரசிகர்களே இதைத் தலயாத்திரை என்றுதான் சொல்கிறார்கள். அனிமே சுற்றுலாச் சங்கம் ஒன்று 2016-ல் ஆரம்பித்து ஆண்டுதோறும் தலங்களைத் தேர்ந்தெடுக்கிறது, எத்தனை என்று நினைக்கிறீர்கள்? 88!

கணக்கன்

இழையைக் காலையிலிருந்து படிக்கிறேன். எல்லாம் சுவையாக இருக்கிறது, ஆனால் பொருளாதாரம் படித்தவனுக்கு ஓர் அரிப்பு. யாத்திரை போனதால் மனிதர் மாறினாரா, மாறத் தயாராக இருந்த மனிதர்தான் யாத்திரை போனாரா? பேட்டி எத்தனை எடுத்தாலும் இது பிரியாது.

இதைப் பிரித்துக் காட்டிய ஆய்வு ஒன்று இருக்கிறது. பாகிஸ்தானில் ஹஜ் போக விண்ணப்பிக்கிறவர்கள் அதிகம், இடம் குறைவு, அதனால் குலுக்கல். 2006 ஹஜ்ஜுக்கு விண்ணப்பித்தவர்களில் குலுக்கலில் வந்தவர், வராதவர் என்று இரு தரப்பிலுமாக 1,600-க்கும் மேற்பட்டவர்களை, ஹஜ் முடிந்து சில மாதம் கழித்துப் பேட்டி கண்டார்கள். கிளிங்கிங்ஸ்மித், க்வாஜா, கிரெமர் மூவரும் 2009-ல் வெளியிட்டார்கள், கிரெமர் பின்னால் 2019-ல் நோபல் வாங்கியவர். போக விரும்பினதில் இரு தரப்பும் ஒன்றே, வித்தியாசம் குலுக்கல் மட்டும். போய் வந்தவர்களிடம் தொழுகையும் நோன்பும் கூடியிருந்தன, தாயத்து மாதிரியான உள்ளூர் வழக்கங்கள் குறைந்திருந்தன. மற்ற நாட்டு முஸ்லிம்கள் மேல் மட்டுமில்லாமல் பிற மதத்தார் மேலும் சகிப்பு கூடியிருந்தது, பெண் பிள்ளைகள் படிப்பதற்கு ஆதரவு கூடியிருந்தது. ஹஜ் போனால் தீவிரவாதம் வளரும் என்று பயந்தவர்களுக்கு எண்களே பதில். இன்னொன்றும் வந்தது, உடல்நலம் மோசமானதாகச் சொன்னவர்களும் போனவர்களில்தான் அதிகம். வெட்டிப்பேச்சுக்கு வேண்டிய கஷ்டம் அதில் இருக்கிறது :)

கோடைமழை

அருமையான ஆய்வுதான், மறுக்கவில்லை. ஆனால் கேள்வித்தாளில் 'பிற மதத்தாரை எப்படிப் பார்க்கிறீர்கள்' என்று கேட்டு வருகிற பதிலும், அந்தக் கூட்டத்துக்குள் நிற்கும்போது ஆளுக்குள் நடப்பதும் ஒன்றா? மானுடவியலாளர் வாலன்டைன் டேனியல் 1984 புத்தகத்தில் தமிழ்நாட்டுக் கிராமத்து ஆட்களோடு சபரிமலைக்கு நடந்து போனதை எழுதியிருப்பார். வெறுங்காலில் கல் குத்துகிற வலி, தோளில் இருமுடி அழுத்துகிற வலி என்று முதலில் தனித்தனியாகத் தெரிவது, போகப் போக எது எந்த வலி என்று பிரிக்க முடியாமல் ஒன்றாகி, கடைசியில் அதுவே அன்பாக மாறுவதாக உடன் வந்தவர்கள் சொன்னதை வைத்து எழுதுகிறார். இதை எந்தக் குலுக்கலில் பிடிப்பீர்கள்?

கணக்கன்

பிடிக்க முடியாது அக்கா. அதற்காக எண்ணவே வேண்டாம் என்றும் சொல்லிவிட முடியாதே. அலகாபாத் மாக மேளாவில் இந்திய, பிரிட்டிஷ் உளவியலாளர்கள் சேர்ந்து செய்தது (2012-ல் வந்தது) நடுவழி. குளிரில் கங்கைக் கரையில் ஒரு மாதம் கூடாரம் போட்டுத் தங்குகிற கல்பவாசிகளையும், அதே ஊர்களில் வராமல் இருந்துவிட்ட ஆட்களையும் முன்னும் பின்னும் கேட்டார்கள். மைக் சத்தம், நெரிசல், அழுக்குத் தண்ணீர், எல்லாம் இருந்தும் போனவர்கள் நலம் கூடியதாகச் சொன்னார்கள். குலுக்கல் இல்லாததால் ஹஜ் ஆய்வு அளவுக்கு இறுக்கம் கிடையாது, ஆனால் ஆய்வாளர்கள் உள்ளே போய் மாதக்கணக்கில் உட்கார்ந்து பேசியும் இருக்கிறார்கள்.

பழையபேப்பர்

என் பங்குக்குப் பழைய காகிதம். எண்ணுவது என்றால் கேள்வித்தாள்தானா? ஜப்பானிய ஆய்வாளர்கள் இறந்தவர்களையே எண்ணியிருக்கிறார்கள்.

சிகோக்குப் பாதையில் வீட்டுக்கு வீடு யாத்ரீகர்களுக்குச் சோறு, செருப்பு, காசு, தங்க இடம் கொடுக்கிற 'ஓசெத்தாய்' வழக்கம் உண்டு. கடலுக்கு அக்கரையில் வாகயாமாவிலிருந்துகூடப் படகில் வந்து முகாம் போட்டுக் கொடுப்பார்கள். வாங்கிக்கொண்டவர் பதிலுக்குத் தன் பெயரும் ஊரும் எழுதிய சீட்டைக் கொடுப்பார். அந்தச் சீட்டுகளை வீட்டுக்காரர்கள் வைக்கோல் பொதியில் அடைத்துக் கூரைக்கடியில் தொங்கவிட்டார்கள், தீயும் திருடும் அண்டாது என்று. நூறு இருநூறு வருஷம் கழித்து அந்தப் பொதிகளைப் பிரித்தால், எந்த ஊரிலிருந்து, எந்தக் காலத்தில், யார் யார் வந்தார்கள் என்பது கையெழுத்தோடு கிடைக்கிறது. நினைத்துப் பார், எலியும் புகையும் தின்றது போக மிச்சம் இருப்பதை ஒவ்வொன்றாக இடுக்கியில் எடுத்துப் பிரித்து வாசிக்கிற வேலை. எந்தக் கணக்கெடுப்புத் துறையும் திட்டமிட்டுச் சேர்க்காத தரவு. கோயில்களில் இருந்த இறந்தோர் பதிவேடுகளை வைத்து மாஎதா தகாஷி 1971-லேயே எழுதினார், எந்த ஊர் யாத்ரீகர் எங்கே விழுந்தார் என்று. வெள்ளை உடை சவத்துணி, கைத்தடி கல்லறைக் குறி என்று அவர்கள் சொல்வது அழகுக்காகச் சொன்னதில்லை, வழியில் செத்தவர்கள் அவ்வளவு பேர். தொழுநோயாளிகள், கடனில் ஊரை விட்டவர்கள், திரும்பிப் போக வீடில்லாதவர்கள் எல்லாம் அதில் இருந்தார்கள். சிகோக்குவின் தெற்கிலிருந்த தோசா சிற்றரசு யாத்ரீகர்கள் நுழைகிற வாயில்களையும் தங்குகிற நாட்களையும் கட்டுப்படுத்தியதற்கு இவர்கள் மேலிருந்த பயம்தான் காரணம்.

அந்தக் கூட்டம் இன்றைக்கும் முழுக்கப் போகவில்லை. பல வருஷமாகச் சுற்றிக்கொண்டே பிச்சையெடுத்து வாழ்ந்த ஒரு முதியவர் 2003-ல் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் வந்தார், நாடே உருகியது, பார்த்த போலீஸ் வந்து பிடித்துப் போனது. பன்னிரண்டு வருஷமாகத் தேடப்பட்ட கொலைமுயற்சிக் குற்றவாளி.

ஆகவே தம்பி, 'நடப்பவர்' என்பதே ஒரே சாதியில்லை. அன்றைக்கு நடந்தவர் வேறு வழியில்லாமல் நடந்தார். இன்றைக்கு நடக்கிறவருக்கு ஐம்பது நாள் லீவும் அதற்கேற்ற பணமும் வேண்டும். பழைய யாத்ரீகரின் ஏழ்மைக்கு வாரிசு யார் என்று கேட்டால், நடக்கிறவரைவிடப் பஸ்ஸிலுள்ள ஓய்வூதியப் பாட்டி கொஞ்சம் கிட்டே வருவார் என்பது என் கணிப்பு.

வெட்டிப்பேச்சு

போலீஸ் கதை சூப்பர் சார். சரி, பாட்டிக்காக என் வாதத்தில் பாதியைத் தளர்த்திக்கொள்கிறேன். ஆனால் மீதிப் பாதி நிற்கிறது: நடைப் படத்தை விற்பது யார்? ஆய்வாளர் மட்டுமா?

ஒசாகாவாசி

நல்ல கேள்வி. சிகோக்குவின் நான்கு மாவட்டங்களும் சேர்ந்து யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம் பிடிக்க வருஷக்கணக்கில் முயன்றுகொண்டிருக்கின்றன. சந்தியாகோ 1993-ல் ஏறிவிட்டது, ஜப்பானிலேயே குமானோ உள்ளிட்ட கீ மலைப் பாதைகள் 2004-ல். சந்தியாகோ, குமானோ இரண்டையும் நடந்தவர்களுக்கு 2015 முதல் இரட்டை யாத்ரீகர் என்று சான்றிதழ்கூட இருக்கிறது. சிகோக்குவுக்கு இதுவரை கிடைத்தது 2015-ல் 'ஜப்பான் பாரம்பரியம்' என்கிற உள்நாட்டு அங்கீகாரம்தான். பட்டியலில் ஏற வேண்டுமென்றால் பழைய மண்பாதை, கல்தூண் எல்லாம் காட்ட வேண்டும். பஸ் நிறுத்தத்தைக் காட்டி யுனெஸ்கோவிடம் போக முடியாது. அதனால் சுவரொட்டியில் நடக்கிறவர் மட்டும் நிற்கிறார்.

கல்தூண் என்றதும் நகாத்சுகாசா மோஹெய். 1866-ல் கிளம்பினவர் ஊர் திரும்பாமலே 1922-ல் சாகும்வரை 280 சுற்று, வழி நெடுகத் திசைகாட்டும் கற்கள் நட்டார். இன்றைக்கும் நிற்கின்றன.

ஆய்வும் இதோடு பின்னிக்கிடக்கிறது. எஹிமே பல்கலைக்கழகத்தில் சிகோக்கு யாத்திரைக்கும் உலக யாத்திரைகளுக்கும் என்றே 2015-ல் மையம் தொடங்கியிருக்கிறார்கள். வரலாறு, தொல்லியல், இலக்கியம், சமூகவியல் எல்லோரும் ஒரே கூரையில். வேலை உருப்படியானது, ஆனால் உள்ளூர் அரசுகளின் யுனெஸ்கோ கனவும் அதே கூரைக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது, படிக்கும்போது அதையும் ஓரக்கண்ணால் பார்த்துக்கொள்ள வேண்டும்.

தெற்குவாசல்

சந்தியாகோவிலும் இதே பின்னல்தான். இன்றைக்கு எல்லோரும் படம் எடுத்துப் போடுகிற மஞ்சள் அம்புக்குறி 1984 வாக்கில் ஓ செப்ரெய்ரோ ஊர்ப் பாதிரியார் எலியாஸ் வலின்யா மஞ்சள் பெயின்டை எடுத்துக்கொண்டு போய்ப் போட்டது. அவரே அந்தப் பாதையைப் பற்றி முனைவர் பட்டம் வாங்கிய ஆய்வாளர். 1980-களின் நடுவில் அந்தப் பாதையில் ஆண்டுக்குச் சில நூறு முதல் ஓரிரு ஆயிரம் பேர்தான், 2023-ல் சான்றிதழ் வாங்கியவர்கள் 4.4 லட்சத்துக்கு மேல். கடைசி 100 கிலோமீட்டராவது நடந்தால்தான் (சைக்கிள் என்றால் 200) சான்றிதழ் என்பது விதி, அதனால் அந்தத் தூரத்துக்குச் சற்று முன்னால் இருக்கிற சாரியா என்கிற சின்ன ஊரில் ஏகப்பட்ட பேர் ஆரம்பிக்கிறார்கள். அங்கே விதியே பஸ்காரரை வெளியே தள்ளிவிட்டது. சிகோக்குவில் 88 முத்திரை இருந்தால் போதும், எப்படி வந்தாய் என்று முத்திரை அறையில் யாரும் கேட்பதில்லை. ஒப்பிட வேண்டியது இந்த இடத்தைத்தான் என்று இப்போது தோன்றுகிறது: யாத்ரீகர் யார் என்பதை எந்த மேஜை முடிவு செய்கிறது, எதைக் கேட்டு முடிவு செய்கிறது.

சார், களப்பணியை பஸ் ஊழியர்களிடமிருந்து ஆரம்பிக்கலாம் என்று நினைக்கிறேன். நாற்பது புத்தகத்தையும் சுமந்து ஓடுகிற அந்த ஆள். அவரைப் பற்றி யாராவது விரிவாக எழுதியிருக்கிறார்களா?

பழையபேப்பர்

ஆங்காங்கே இருக்கும். ஜப்பானிய மொழியில் ஹோஷினோ எய்கி (2001), மோரி மசாதோ (2005) இருவரையும் பார். மோரி நவீனப் போக்குவரத்தும் பத்திரிகைகளும் எப்படி உள்ளே வந்தன என்று பார்க்கிறவர், உனக்கு அதிகம் உதவுவார். ஜப்பானிய மொழி வராமல் இந்தத் தலைப்பைத் தொடாதே, அது மட்டும் கண்டிப்பு.

ஒசாகாவாசி

ஊழியர்களிடம் பேசப் போனால் வசந்த காலத்தைத் தவிர்த்துவிடுங்கள் தம்பி, மார்ச், ஏப்ரல், மே மூன்றும் அவர்களுக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. முத்திரை அறை மாலை ஐந்துக்கு மூடிவிடும், அன்றைக்குக் கடைசிக் கோயிலை ஐந்துக்குள் பிடிப்பதுதான் அவர்கள் தலைவலியே, மதியச் சாப்பாட்டு நேரம்கூட அதை வைத்துத்தான் குறைகிறது. 2024 ஏப்ரலில் முத்திரைக் கட்டணம் 300 யென்னிலிருந்து 500 ஆனது, அதைப் பற்றிக் கேட்டால் தானாகவே பேச ஆரம்பித்துவிடுவார்கள். பஸ்ஸில் கேட்காதீர்கள், செந்தாட்சு பக்கத்தில் இருப்பார். முத்திரை அறை வரிசையில் கேளுங்கள்.

தெற்குவாசல்

குறித்துக்கொண்டேன் அண்ணே. அக்டோபரில் ஒசாகா வருகிற மாதிரி இருக்கும், அந்த மாதாந்திர பஸ்ஸில் இடம் பிடிப்பது எப்படி என்று தனி மடலில் கேட்கிறேன்.